படச்சுருளா, எண்ணிமமா? - விடுமுறைக் கமரா பற்றி ஒரு விசாரம்

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் இருபத்தைந்து நாள் உற்சவம் தொடங்கும் காலத்தில், யாழ்ப்பாணத்து வீடுகள் பலவற்றில் ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடந்த அறைகள் திறக்கப்படுகின்றன. கனடாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் இலண்டனிலிருந்தும் பிள்ளை குட்டிகளோடு வந்திறங்குவோர், மூன்று நான்கு வாரங்களுக்குள் ஊரையும் உறவையும் கோயிலையும் கடலையும் ஒருசேரக் கண்டுவிடத் துடிக்கின்றனர். கீரிமலைக் கேணி, காரைநகரின் கசூரினாக் கடற்கரை, குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் படகு, நேரமிருப்பின் நெடுந்தீவின் குதிரைகள் என்று பயணம் விரிகின்றது. குடை மறந்துபோகும்; தண்ணீர்ப் போத்தல் மறந்துபோகும்; கமராவை எவரும் மறப்பதில்லை.

அண்மையில் எமக்கு நன்கு அறிமுகமான ஆசிரியர் குடும்பமொன்றில் இக்கமரா காரணமாகவே ஒரு தர்க்கம் மூண்டது. ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த மருமகன் பழைய படச்சுருள் கமராவொன்றைக் கழுத்தில் மாட்டியிருந்தான். மாமனாரோ ஓய்வுபெற்ற ஆசிரியர். மகன் அனுப்பிய எண்ணிமக் கமராவை, அதாவது டிஜிட்டல் கமராவை, ஐந்தாறு ஆண்டுகளாகப் பழகி வருபவர். குறிகட்டுவான் துறையில் படகுக்குக் காத்திருந்த வேளையில் இளைஞன் கேட்டான்: "மாமா, நீங்கள் ஒரு நாளிலை ஐந்நூறு படம் எடுக்கிறியள், அதிலை ஒண்டையாவது திரும்பிப் பாக்கிறியளோ?" முதியவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, உம்மடை சுருள் கழுவி வாறதுக்கிடையிலை நாங்கள் இருக்கிறமோ இல்லையோ தெரியாது." படகு வந்தது, பேச்சு அவ்வளவில் நின்றது. எனினும் அவ்விரு கூற்றுகளும் எம்மைத் தொடர்ந்தே வந்தன.

இத்தகைய சில்லறை விடயத்தை ஓர் இலக்கிய ஏட்டில் விசாரிப்பது தகுமா என்று சில அன்பர்கள் வினவக்கூடும். நாவலையும் கவிதையையும் நாடகத்தையும் விமர்சிக்கிறோம். ஆனால் எமது வீடுகளில் மிகுதியாகப் புரட்டப்படும் நூல் எது? விருந்தினர் வந்தால் முதலில் எடுத்துக் கையில் கொடுக்கப்படும் நூல் எது? குடும்பத்தின் பட அல்பமே அல்லவா? அதனை ஆக்குவோர் தம்மை ஆக்குவோராக எண்ணுவதில்லை. படிப்போரும் படிப்பதாக எண்ணுவதில்லை. பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியோவும் அவரது குழுவினரும் 1965ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், குடும்பத்தின் ஒற்றுமையைச் சடங்காக்கி உறுதிப்படுத்துவதே சாதாரண மக்களிடையே படமெடுத்தலின் தலையாய தொழில் என்று காட்டினர். அங்ஙனமாயின், எக்கருவியால் எடுப்பது என்ற கேள்விக்குள் எக்குடும்பத்தை, யாருக்காக, எதுவரை பேணுவது என்ற கேள்வியும் அடங்கியிருக்கின்றது. சந்தையில் கருவி விற்போர் முதற் கேள்வியோடு நிறுத்திக்கொள்வர். நாம் அவ்வாறு நிறுத்த இயலாது.

முதலில் படச்சுருளின் பக்கம் நின்று பேசுவோரின் வாதத்தை எடுத்துக்கொள்வோம். இன்று அவர்களது குரல் வலுத்திருக்கிறது. படச்சுருள் செத்துவிட்டது என்று உலகம் கைகழுவிய பின்னர், 2018இல் எக்ராகுரோம் சுருள் மீண்டும் சந்தைக்கு வந்தது. 2024இல் பென்ரக்ஸ் நிறுவனம் புதிதாகவே ஒரு படச்சுருள் கமராவை வெளியிட்டது. சுருளில் எடுப்பவன் சிந்தித்து எடுக்கிறான் என்பர். எண்ணிமம் எண்ணாமல் சுடுவது, சுருள் எண்ணிச் சுடுவது என்பர். சுருள் கைவினை, எண்ணிமம் இயந்திரம் என்பது அவர்களது முடிவு.

இவ்வாதத்தின் கடைசிப் பகுதியை வரலாறு ஏற்கவில்லை. 1888இல் அமெரிக்கரான ஜோர்ஜ் ஈஸ்ற்மன் தமது முதலாவது கொடக் கமராவை நூறு படங்களுக்கான சுருளை உள்ளே இட்டே விற்றார். நூறும் முடிந்ததும் வாங்கியவர் கமராவை அப்படியே தொழிற்சாலைக்கு அனுப்பவேண்டும். அங்கே கழுவிப் படமாக்கி, புதிய சுருளை இட்டுத் திருப்பி அனுப்புவர். 1900இல் ஒரு டொலர் விலையில் பிரௌணிக் கமரா வந்தது. அதாவது, எடுப்பவனைப் படத்தொழிலின் அறிவிலிருந்து பிரித்து, பொத்தானை அமுக்குவது மட்டும் உன் வேலை, மற்றவை எமது வேலை என்று ஆக்கியதே சுருள்தான். எண்ணிமம் அப்பிரிவினையை மேலும் ஓரடி கொண்டுசென்றது, அவ்வளவே. அதே நிறுவனத்தின் பொறியியலாளர் ஸ்ரீவன் சாசன் 1975இலேயே ஓர் எண்ணிமக் கமராவை உருவாக்கினார். ஒரு படத்தை ஒலிநாடாப் பெட்டியில் பதிய இருபத்து மூன்று விநாடி எடுத்த கருவி அது. சுருள் விற்பனையிலேயே உயிர் வாழ்ந்த முதலாளித்துவ நிறுவனத்துக்கு அக்குழந்தையை வளர்க்க மனம் வரவில்லை. 2012 சனவரியில் அந்நிறுவனம் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. ஒரு கருவி எப்பொழுது பிறக்கும், எப்பொழுது இறக்கும், எப்பொழுது மறுபிறவி எடுக்கும் என்பனவற்றை அழகியல் தீர்மானிப்பதில்லை. இலாபக் கணக்கே தீர்மானிக்கின்றது. இன்று சுருளின் மறுபிறவியும் அவ்வாறானதே. குறைவாகக் கிடைப்பதை அரிய பொருளாக்கி விற்பது வணிகத்தின் பழைய வித்தை.

ஆயினும் எண்ணிச் சுடுதல் என்ற வாதத்தை அவ்வளவு எளிதில் தள்ளிவிட முடியாது. யாழ்ப்பாணத்தில் அந்த எண்ணிக்கை எப்படி இருந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கவேண்டும்.

விடுமுறைப் பயணம் என்பதே எமது மண்ணில் எல்லோருக்கும் உரியதாக இருந்ததில்லை. உழவரும் மீனவரும் சீவல் தொழிலாளரும் சுருட்டுக் கொட்டிலில் இருந்தோரும் ஊரைவிட்டுப் புறப்பட்டது திருவிழாவுக்கும் நேர்த்திக்கும் ஆடி அமாவாசையில் கீரிமலை நீராடலுக்குமே. ஓய்வுக்காகப் பயணம் போதல் உத்தியோகத்தரின் வழக்கம். 1905இல் காங்கேசன்துறை வரை புகையிரதம் ஓடத் தொடங்கிற்று. 1956இல் யாழ்தேவி வந்தது. அரசாங்க உத்தியோகத்தருக்கும் ஆசிரியருக்கும் கிடைத்த புகையிரத ஆணைச்சீட்டு, கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் குடும்பத்தோடு போய்வரும் பழக்கத்தை உண்டாக்கிற்று. அவ்வாறு போனவர்களிலும் கமரா வைத்திருந்தோர் சிலரே. இரவல் வாங்கிச் சென்றோர் பலர். இரவல் கமராவில் எஞ்சியிருக்கும் நாலைந்து படங்களுக்குள் பேராதனைப் பூந்தோட்டமும் அம்மாவும் பிள்ளைகளும் அடங்கவேண்டும்! 1970 முதல் 1977 வரை நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் எமது மிளகாய், வெங்காயச் செய்கையாளர் தலைநிமிர்ந்தனர். அந்நாட்களில் வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய எதுவும் எளிதில் கிடைக்கவில்லை, படச்சுருளும் அவ்வாறே. செய்கையாளர் கையில் காசு வந்த வேளையில் கமராவுக்குச் சுருள் இல்லாமற் போனமை காலத்தின் ஒரு சிறு குறும்பு.

ஆகவே எமது பழைய படங்களில் மனிதர் விறைத்து நிற்பதற்குக் காரணம் நாணமன்று, சிக்கனம். ஒரு சட்டம் வீணானால் காசு வீண். சிரிப்பது ஆபத்து, குழந்தை அசைந்தால் குற்றம். யார் நடுவில் இருப்பது, யார் நாற்காலியில், யார் தரையில் என்பதெல்லாம் முன்னரே முடிவாகும். சட்டத்துக்குள் இடம் குறைவாக இருந்தமையால், யாரை வெளியே விடுவது என்பதும் முடிவாகும். வீட்டில் வேலைக்கு நின்ற மலையகச் சிறுமி குழந்தையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு அப்பால் விலகுவாள். வண்டிக்காரன் வண்டியோடு விலகுவான். படமெடுத்த தகப்பன் இல்லாத குடும்பப் படங்கள் எம்மிடம் ஏராளம். தாய் எடுத்த படம் ஒன்றையேனும் காண்பது அரிது. கமரா ஆண்களின் கையில் இருந்தது.

வெளியே விடப்பட்டோர் முற்றாகப் படமாகாமல் இருந்தனர் என்றும் கூறமுடியாது. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் கொழும்புப் படநிலையங்கள் விற்ற அஞ்சலட்டைகளில் கள்ளிறக்கும் தொழிலாளியின் படம் உண்டு. மரத்தோடும் முட்டியோடும் அவர் நிற்பார். கீழே தொழிலின் பெயர் இருக்கும். ஆளின் பெயர் இராது. அப்படம் கடல் கடந்து சீமைக்குப் போயிற்று. அவர் வீட்டுக்கு ஒரு பிரதி போயிருக்கும் என்று நாம் எண்ணவில்லை. எண்ணிச் சுடும் ஒழுக்கத்தைப் போற்றுவோர், அவ்வெண்ணிக்கையில் யார் எண்ணப்பட்டனர் என்பதையும் சேர்த்துப் பார்ப்பது நன்று.

நிறத்தின் கதை இன்னும் கசப்பானது. வண்ணச்சுருளைக் கழுவிப் படமாக்கும் நிலையங்கள் தமது இயந்திரத்தைச் சரிபார்ப்பதற்கென்று கொடக் நிறுவனம் மாதிரி அட்டைகளை அனுப்பி வந்தது. அவ்வட்டையில் இருந்தவள் வெள்ளையினப் பெண். முதலில் அதற்கு நின்றவளின் பெயரால் ஷேர்லி அட்டை என்றே அவை வழங்கின. அவளது தோல் சரியாக வந்தால் படம் சரி. கனடிய ஆய்வாளர் லோர்னா ரோத் 2009இல் வெளியிட்ட கட்டுரையில் இதன் வரலாற்றை விளக்கியுள்ளார். கறுப்புத் தோலும் மண்ணிறமும் சரியாகப் பதியவில்லை என்ற குறை நீண்ட காலம் செவியேறவில்லை. சொக்கிலேற் விளம்பரக்காரரும் மரத் தளபாடம் விற்போரும் தம் பண்டங்களின் நிறபேதம் படத்தில் தெரியவில்லை என்று முறையிட்ட பின்னரே நிறுவனம் அசைந்ததாம். மனிதரின் முகத்துக்குக் கிடைக்காத நியாயம் மேசைக்குக் கிடைத்தது! வெள்ளை வேட்டியும் நண்பகல் வெயிலுமாக எடுத்த எமது குடும்பப் படங்களில் அப்பாவின் முகம் கரிக்கட்டையாய்ப் போனமைக்கு எடுத்தவரின் கைப்பிசகை மட்டும் குறை கூறிவந்தோம். படநிலையக்காரர் பவுடர் பூசச் சொல்லியும் பென்சிலால் திருத்தியும் எம்மை வெளுப்பாக்கினர். எமது திருமணப் பேச்சுகளில் உலவிய நிறவெறிக்கு அது நன்றாகவே ஒத்துழைத்தது.

நிற்க. இவ்வளவு கூறியதால் எண்ணிமம் குற்றமற்றது என்று கொள்ளலாகாது. இன்றைய கைபேசிக் கமராக்கள் பலவற்றில் அழகுபடுத்தும் முறை ஒன்று உண்டு. அது கேட்டும் கேளாமலும் தோலை வழுவழுப்பாக்கி வெளுப்பாக்குகிறது. ஷேர்லி இறந்துவிடவில்லை, கணக்கு விதியாக உருமாறிக் கைபேசிக்குள் குடிபுகுந்திருக்கிறாள். வித்தியாசம் ஒன்றே: இதனை நிறுத்தும் பொத்தான் எம் விரலுக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. எத்தனை பேர் நிறுத்துகிறோம்?

கருவிகளின் இயல்பு பற்றியும் சில சொற்கள். மணற்காட்டு மணற்குன்றுகளில் நண்பகலில் எடுத்த படத்தைப் பாருங்கள். எண்ணிமக் கமராவில் ஒளி மிஞ்சினால் வெண்மை வெறுமையாகிவிடும். அவ்விடத்தில் பின்னர் எதனையும் மீட்க முடியாது. வண்ண நெகற்றிவ் சுருள் மிகை ஒளியை ஓரளவு தாங்கிக்கொள்ளும். இது அதன் உண்மையான சிறப்பு. இன்னொரு சிறப்பு, பழைய பொறிமுறைக் கமராக்கள் மின்சாரத்தை எதிர்பார்ப்பதில்லை. 1990களின் முற்பகுதியில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை; பற்றரிகளும் தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் இருந்தன. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட தலைமுறை எமது தலைமுறை. 2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு வந்தபோது அந்நினைவு பலருக்கும் திரும்பியிருக்கும். மின்னேற்றம் இன்றி எண்ணிமக் கமரா வெறும் எடைக்கல்.

மறுபுறம், எமது வெப்பமும் ஈரமும் சுருளுக்குப் பகை. சுருளின் மேற்பூச்சு மாட்டின் எலும்பிலும் தோலிலுமிருந்து எடுக்கும் ஜெலற்றின். பூஞ்சணத்துக்கு அது நல்ல உணவு. (சைவ ஆசாரத்தில் ஊறிய வீடுகளில் சுவாமிப் படத்துக்குப் பக்கத்தில் இப்பொருள் அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கொலுவிருந்ததை எண்ணினால் சிரிப்பு வருகிறது.) கறுப்பு வெள்ளைச் சுருளைக் கழுவ இருபது பாகை செல்சியஸ் வெப்பநிலை உகந்தது என்று கையேடுகள் கூறும், எமது கிணற்று நீர் அதனிலும் வெப்பமானது. சுண்ணாம்புக் கல்லில் ஊறிவரும் அந்நீர் காய்ந்த இடத்தில் வெண்புள்ளியை விட்டுச் செல்லும். இத்தனைக்கும் நடுவில் எமது ஊர்களின் படநிலையத் தொழிலாளர் இருட்டறையில் நின்று படைத்தவற்றை எந்தக் கலை வரலாறும் முறையாக எழுதவில்லை. இன்று வெளிநாட்டிலிருந்து சுருள் கொண்டுவருவோர் விமான நிலையங்களின் புதிய ஊடுகதிர்ச் சோதனைப் பொறிகளுக்கும் அஞ்சவேண்டும். அவை கழுவாத சுருளைப் புகையடித்தாற்போல் மங்கச் செய்யும் என்று சுருள் செய்வோரே எச்சரிக்கின்றனர். எடுத்த பின்னர் கழுவ ஆள் தேடித் திரியவும் வேண்டும். 2022இல் ரூபாவின் மதிப்பு வீழ்ந்த பின்னர் டொலர் விலையில் சுருள் வாங்குவது உள்ளூர் ஆசிரியர் ஒருவருக்கு எண்ணிப் பார்க்கக்கூடிய காரியமும் அன்று. ரொறன்ரோ மருமகனின் ஒழுக்கத்துக்கு ரொறன்ரோச் சம்பளம் தேவைப்படுகிறது.

இவையெல்லாம் கருவியின் நிறையும் குறையும். ஆனால் யாழ்ப்பாணத்தவருக்கு இக்கேள்வியின் அடிப்பகுதி வேறிடத்தில் இருக்கிறது. படம் எங்கே எஞ்சும் என்பதே அது.

1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண நகரின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் இரண்டு மணிநேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். பணமும் நகையும் பறிக்கப்பட்டவர்களின் கையில் அல்பம் இருந்திருக்க முடியுமா? சரியாக ஐந்தாண்டுகள் கழித்து, 1995 ஒக்டோபர் 30 இரவில், வலிகாமத்தின் இலட்சக்கணக்கான மக்கள் மழையில் நாவற்குழிப் பாதையில் நடந்தனர். என்ன எடுத்துச் செல்வது என்று முடிவு செய்யச் சில நிமிடங்களே இருந்தன. காணி உறுதி, அடையாள அட்டை, நகை, அரிசி, கிழவியின் மருந்து. அல்பம் பாரமானது. சிலர் படங்களை மட்டும் உருவியெடுத்து உறுதிகளின் நடுவே செருகினர். எதை உருவுவது? எல்லோரும் உள்ள படமா, இறந்துபோன பிள்ளையின் படமா? எமக்குத் தெரிந்த முதிய பெண் ஒருவர் கலியாணப் படத்தை விட்டுவிட்டு, கசூரினாக் கடற்கரையில் நாலு பிள்ளைகளும் ஈர உடையோடு நிற்கும் மங்கலான படத்தை எடுத்து வந்தார். கேட்டதற்கு, "இதிலைதான் நாலும் ஒண்டா நிக்குதுகள்" என்றார். விடுமுறைப் படம் என்பது அற்ப விடயம் என்று கருதும் நண்பர்களுக்கு இதனைச் சொல்லவேண்டியிருந்தது. 2004 திசெம்பர் 26இல் ஆழிப்பேரலை வடமராட்சி கிழக்கின் கரையோர வீடுகளை அள்ளியபோது எஞ்சியவற்றுள்ளும் பல போயின.

இழப்பின் அளவை அறிய விரும்புவோர் ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட முடிவுறாத் தோம்பு என்னும் நூலைப் பார்க்கவேண்டும். இடம்பெயர்ந்தவர்கள் தாம் இழந்த வீடுகளின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து கொடுத்தனர். கிணறு இங்கே, மாமரம் இங்கே, சாமியறை இங்கே என்ற கோடுகள் அவை. ஒளிப்படம் இருந்திருந்தால் அக்கோடுகளுக்கு இவ்வளவு வேலை இருந்திராது. நூலின் கலைமதிப்புக்கு அதனால் குறைவில்லை. ஆனால் அந்நூலை ஒரு பட அல்பத்தின் வெற்றிடமாகவும் நாம் வாசிக்கிறோம்.

இன்னொன்று. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் தொடங்கிய, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. தாய்மார் மடியில் வைத்திருந்த படங்களை உற்றுப் பார்த்தோர் ஒன்றைக் கவனித்திருப்பர். பல படங்கள் அடையாள அட்டைப் படத்தின் பெருப்பிப்புகள். வேறு சிலவற்றில் தோளருகே இன்னொருவரின் கை தெரியும். பின்னே கடலோ கோயிற் சுவரோ தெரியும். ஏதோ ஒரு நாள் மகிழ்ச்சியாகக் கூடி நின்ற கூட்டத்திலிருந்து ஒருவரை மட்டும் வெட்டியெடுத்த படங்கள் அவை. எடுத்த நாளில் அது விளையாட்டு. இன்று அது சாட்சியம். எந்த விடுமுறைப் படம் சாட்சியமாகும் என்பதை எடுக்கும்போது எவராலும் அறிய முடியாது.

இந்நிலையில் ஒற்றைப் பிரதியைப் போற்றும் படச்சுருள் அழகியலை எம்மால் ஏற்க இயலவில்லை. ஒற்றைப் பிரதியின் கதி என்ன என்பதை 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் தொண்ணூற்றேழாயிரம் நூல்களோடு எரிந்த ஓலைச்சுவடிகள் காட்டின. அதற்கான விடையை 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலக முயற்சி தந்தது. எமது பழைய ஏடுகளும் மலர்களும் பிரதியெடுக்கப்பட்டு, எங்கிருப்போரும் வாசிக்கும் நிலை உண்டாயிற்று. நூலுக்கு நல்லதென்று கண்டது குடும்பப் படத்துக்குக் கெடுதியாகுமா? பிரதி பெருகுவதே எம்போன்ற மக்களுக்குப் பாதுகாப்பு. குடும்பமே நாலு நாடுகளில் சிதறியிருக்கும்போது, நயினாதீவுப் படகில் எடுத்த படம் அன்றிரவே பாரிசிலுள்ள தங்கைக்கும் போய்ச்சேருவது சாதாரண நன்மையன்று. அதனிலும் பெரிய மாற்றம், கமரா கைமாறியிருப்பது. எட்டு வயதுச் சிறுமி பாட்டியை எடுக்கிறாள். பாட்டி பேத்தியை எடுக்கிறார். தலை வெட்டுப்பட்டாலும் கவலையில்லை, மறுபடியும் எடுக்கலாம். தாய் எடுத்த படங்கள் இப்பொழுதுதான் எமது வீடுகளில் உண்டாகத் தொடங்கியிருக்கின்றன.

ஆயின் முதியவரைப் பார்த்து மருமகன் கேட்ட கேள்விக்கு இன்னும் விடை சொல்லவில்லை. ஐந்நூறில் ஒன்றையாவது திரும்பிப் பார்க்கிறீர்களா? பெரும்பாலும் இல்லை. படங்கள் கைபேசியில் கிடக்கின்றன, கைபேசி நீரில் விழுகிறது, புதியது வாங்குகிறோம். பத்தாண்டுகளுக்கு முன் வட்டத்தகட்டில் பதிந்து கொடுத்த கலியாணப் படங்களைத் திறக்க இன்று கணினியில் வழியில்லை. இணையத்தில் ஏற்றிவிட்டோம், இனிப் பயமில்லை என்பாரும் உளர். அவர்களுக்குச் சில ஆண்டுகளை மட்டும் நினைவூட்டுவோம். 2012இல் கொடக் நிறுவனம் தனது இணையப் படக்கூடத்தை மூடிற்று. 2018இல் பிளிக்கர் இலவசக் கணக்குகளுக்கு ஆயிரம் படமே எல்லை என அறிவித்தது. 2021 யூன் முதல் கூகிள் எல்லையற்ற இலவச இடத்தை நிறுத்திக்கொண்டது. இரவல் நிலத்தில் வீடு கட்டியவர் கதிதான் இது. குடியிருந்த காணியை ஒரு வர்த்தமானி அறிவித்தலில் இழந்த அனுபவம் எமது மக்களுக்கு உண்டு. தனியார் நிறுவனத்தின் களஞ்சியத்தை நம்பித் தம் நினைவு முழுவதையும் அங்கே இறக்கிவைப்பதில் மட்டும் அவர்கள் ஏன் இவ்வளவு தாராளமாக இருக்கின்றனர் என்பது எமக்கு விளங்கவில்லை.

இக்குறைக்கு மருந்து சுருளுக்குத் திரும்புவதன்று. சுருள் காத்தது எதனை? நெகற்றிவையா? நெகற்றிவ்களில் மிகப் பல படநிலையத்தின் அலுமாரியிலேயே கிடந்து, அந்நிலையத்தோடு அழிந்தன. எஞ்சியது தாளில் அச்சான படம். உறுதிக்கு நடுவே செருகப்பட்ட அந்தத் தாள். ஒரே படத்துக்கு நாலு பிரதி போட்டுக் கொழும்பிலும் சிங்கப்பூரிலும் இருந்த உறவினருக்கு அனுப்பிய குடும்பங்களே பின்னர் அவற்றைத் திருப்பிப் பெற்றன. ஆகவே தர்க்கம் சுருளுக்கும் எண்ணிமத்துக்கும் இடையிலானது என்பதே தவறான பிரிப்பு. அச்சிட்டதற்கும் அச்சிடாததற்கும், பகிர்ந்ததற்கும் பகிராததற்கும் இடையிலானது அது.

குடும்பத்தோடு தீவகம் செல்ல எண்ணும் ஆசிரியர்களும் மாணவர்களும் எம்மைக் கேட்டால், எண்ணிமக் கமராவையே எடுத்துச் செல்லுங்கள் என்போம். புதியது வாங்கவேண்டியதில்லை, கையிலுள்ள கைபேசி போதும். தோலை வெளுப்பாக்கும் பொத்தானைப் புறப்படுமுன்னரே நிறுத்திவிடுங்கள். நண்பகல் மணலில் முகத்துக்கு ஒளியைக் கணக்கிடுங்கள். வானம் வெளுத்தாலும் போகட்டும், பாட்டியின் முகம் தெரியட்டும். சுருளில் ஆசை உள்ளவர் ஒரு சுருள் கொண்டுவரட்டும், நாம் தடுக்கவில்லை. அதனை ஒழுக்கம் என்று எமக்குப் போதிக்காமல் விட்டால் போதும். வீடு திரும்பிய வாரத்துக்குள், அலுப்பு வருமுன், அனைவரும் கூடியிருந்து ஐந்நூறில் முப்பதைத் தெரியுங்கள். தெரிவில் சிறுவருக்கும் வாக்கு இருக்கட்டும். அம்முப்பதையும் தாளில் அச்சிட்டு மூன்று பிரதி போடுங்கள்: ஒன்று ஊரில், ஒன்று வெளிநாட்டில், ஒன்று படத்தில் நிற்கும் வேற்றாளுக்கு. படகோட்டியும், கடற்கரையில் நுங்கு வெட்டித் தந்தவரும், சமைத்துத் தந்த பெண்ணும் இவ்வேற்றாளுக்குள் அடங்குவர். அவர்களிடம் பெயரைக் கேட்டுத்தான் படம் எடுக்கவேண்டும்.

மருமகன் ஊர் திரும்பு முன்னர் அவனது சுருளில் ஒரு படம் எஞ்சியிருந்ததாம். மாமாவையும் மாமியையும் வாசற்படியில் நிறுத்தி எடுத்தான். மாமாவும் தம் கமராவால் அவனை எடுத்தார். சுருள் கழுவி வந்ததா என்று இதுவரை எமக்குச் செய்தி இல்லை. முதியவர் எடுத்த படம் யாழ்ப்பாண நகரில் அச்சாகி எமக்கும் ஒரு பிரதி வந்தது. பின்புறத்தில் நாளும் இடமும் பெயர்களும் பென்சிலால் எழுதப்பட்டிருக்கின்றன. மையினால் எழுதினால் மழையிலும் வியர்வையிலும் ஊறிப் படத்தின் முகப்புக்கு வந்துவிடும் என்பது அவரது அனுபவம். 1995இல் மடியில் கட்டிக்கொண்டு வந்த படமொன்றில் அவர் தகப்பனாரின் பெயர் அவ்வாறுதான் கரைந்துபோயிற்று.